பூட்டிய வீட்டுக்குச் சராசரி

நடைப்பயிற்சிச் சங்கத்தார் மூன்று பேர் என் டிக்கெட் கூண்டுக்கே வந்து, எங்கள் அத்தானைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொன்னார்கள். கடலோரப் பாதையின் பன்னிரண்டு நடைகளையும் ஊரில் முதலில் முடித்தவர் அவர்தானாம். ஆண்டு மலரில் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு வர வேண்டுமாம். மைத்துனி எழுதினால் மனசைத் தொடுமாம். தாளை வாங்கி வைத்துக்கொண்டேன். எழுதியும் விட்டேன். இதை அவர்கள் போட மாட்டார்கள். போடாவிட்டால் போகட்டும், எனக்கென்ன வந்தது.

அத்தான் என்றால் என் அக்காவின் வீட்டுக்காரர். ஊரில் அவருக்குப் பெயர் 'மீட்டர்'. தண்ணீர்த் துறையில் முப்பத்து மூன்று வருடம் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எழுதி வந்தவர். நெட்டையாக, கழுத்தை முன்னால் நீட்டிக்கொண்டு நடப்பார். எதிரே வருகிற மனிதர்களின் முகத்தைப் பார்க்க மாட்டார், இடுப்புக்குக் கீழே எதையோ தேடுகிற மாதிரி பார்ப்பார். இந்த ஊரில் தனக்குத் தெரியாத வீடே இல்லை என்று பேசிக்கொள்வார். ஒருநாள் வம்புக்காகவே கேட்டேன். முனை வீட்டுச் சுவர் முழுக்க ஒரு நீலப்பூக் கொடி படர்ந்து, தெருவே நின்று பார்க்கிறதே, அது என்ன கொடி என்று. அத்தான் ஒரு நிமிடம் யோசித்தார். "அந்த வீடா? மீட்டர் பின்பக்கம். தொட்டிக்குக் கீழ. குனிஞ்சாத்தான் தெரியும்" என்றார். கொடியா, அப்படி ஒன்று இருக்கிறதா என்று என்னையே திருப்பிக் கேட்டார். முப்பத்து மூன்று வருடம் மாதம் தவறாமல் அந்தச் சுவரை உரசிக்கொண்டு போன மனுஷன்.

அவர் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. போகிற வீடு பூட்டியிருந்தால் நோட்டில் 'பூட்டு' என்று எழுதி, முந்தைய மூன்று மாதத்தின் சராசரியைப் போட்டுவிட்டு வரலாம். அது துறையின் விதி, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அத்தான் கையில் அந்த விதி ரொம்பத் தாராளமாகப் புழங்கியது. நாய் வளர்க்கிற வீடு பூட்டு. மாடிப்படி ஏற வேண்டிய வீடு பூட்டு. தண்ணீர் சரியாக வரவில்லை என்று பிடித்துக்கொண்டு பேசுகிற பெண்கள் இருக்கிற வீடெல்லாம் பூட்டோ பூட்டு. அவர் நோட்டை நம்பினால் இந்த ஊரில் பாதிப் பேர் வருடம் முழுவதும் வெளியூரில்தான் இருந்தார்கள். இதற்கு ஓய்வு பெறும்போது 'ஒருநாளும் பாக்கி வைக்காதவர்' என்று சான்றிதழ் கொடுத்தார்கள். கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் வீட்டிலேயே தையல் மிஷின் போட்டுப் பழைய துணிகளைச் சரிசெய்து கொடுக்கிறவள். கால்சட்டையின் நீளத்தைக் குறைப்பது, இடுப்பைப் பிரித்துவிடுவது, அறுந்த ஜிப்பை மாற்றுவது. மிஷினுக்கு மேலே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர் கையை நீட்டித் தொடுகிற தூரத்தில். அந்தச் சுவரைப் பார்த்தபடியே முப்பது வருடம் தைத்துவிட்டாள். ஜன்னல் விளிம்பில் காலி டப்பாக்களில் ஏழெட்டுச் செடி. எல்லாம் துணி கொடுக்க வருகிறவர்கள் கிள்ளிக் கொண்டுவந்து கொடுத்தவை. கடல் அவள் வீட்டிலிருந்து கால் மணி நேர நடை. கடைத்தெருவரை போவாள், திரும்பிவிடுவாள். அக்கா வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடக் கூடாது. வாய் இருந்தது. அதை அந்த மனுஷனிடம் வீணாக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாள்.

போன பருவத்தில் பூங்கா அலுவலகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. கடலோரமாக இருக்கிற பூங்காக்களையும் தோட்டங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு நடைகளாகப் பிரித்தார்கள். ஆளுக்கு ஒரு அட்டை. ஒவ்வொரு நடையின் முடிவிலும் ஒரு கம்பத்தில் பெட்டி, அதற்குள் ஒரு முத்திரை. வாத்து, சிப்பி, கற்றாழை என்று இடத்துக்கு ஒரு படம். நாமே எடுத்து அட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். பன்னிரண்டாவதுக்கு மட்டும் பெட்டி கிடையாது. அது நான் வேலை பார்க்கிற ரோஜாத் தோட்டம். அங்கே வாசல் கூண்டில் இருக்கிற ஆள், வந்தவரை நேரில் பார்த்து, தன் கையால் குத்த வேண்டும். அந்த ஆள் நான். கணவனும் மனைவியுமாக முதலில் முடிக்கிறவர்களுக்கு எங்கள் தோட்டத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு பெஞ்சு, அதில் பெயர் பொறித்த பித்தளைத் தகடு.

அட்டைகளை வீட்டுக்குக் கொண்டுவந்தது அக்காதான். சீருடையின் கையைக் குறைக்க வந்த தோட்டக்காரி ஒருத்தி இரண்டு அட்டை கொடுத்திருக்கிறாள். அன்று மாலை நான் போனபோது அக்கா அட்டையை மிஷின் மேல் வைத்து, கட்டம் கட்டமாக விரலால் தொட்டுக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் ஒரு தடவை பாத்துடணும்டி. இத்தனை வருஷமா எனக்குக் கடல்னா ராத்திரி கேக்கற சத்தம் மட்டும்தான்" என்றாள்.

மறுநாளே கடைக்குப் போய் வெள்ளைக் கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கினாள். தனக்கென்று அவள் கடைக்குப் போய் நான் பார்த்ததில்லை. பெஞ்சு, தகடு எதுவும் அவள் மண்டையில் ஏறவே இல்லை. அது ஏறியது அத்தான் மண்டையில். பித்தளையில் தன் பெயர் என்று கேட்டதும் மனுஷனுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

முதல் நடைக்கு இரண்டு பேரும் சேர்ந்துதான் போனார்கள். வாத்துக் குளத்தைச் சுற்றி, புல்வெளியைக் கடந்து, கடற்சுவர் ஓரமாகப் படகுத்துறை வரைக்கும். பலகையில் நாற்பது நிமிடம் என்று போட்டிருக்கும். அக்காவுக்கு இரண்டரை மணி நேரம் ஆயிற்று. வாத்துகள் தண்ணீரை விட்டு ஏறி இறகைச் சிலிர்க்கும்வரை நின்று பார்த்தாளாம். இலையைக் கிள்ளி முகர்ந்தாளாம். தோட்ட வேலை செய்கிறவர்களிடம் இது என்ன செடி, எப்போது பூக்கும் என்று கேட்டாளாம். வழியில் இருந்த ஒவ்வொரு பெஞ்சிலும் ஒரு நிமிடமாவது உட்கார்ந்து பார்த்தாளாம். அத்தான் பத்தடி முன்னால் நின்று கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தாராம். கடைசியில் அக்கா வாத்து முத்திரையைத் தன் கையால் குத்தி, மை காயட்டும் என்று வீடு வரும்வரை அட்டையை ஊதிக்கொண்டே வந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் அத்தான் தீர்ப்புச் சொன்னார். "உன்னைக் கூட்டிட்டுப் போனா பன்னெண்டையும் முடிக்கப் பத்து வருஷம் ஆகும். உன் அட்டையையும் குடு, நானே குத்திட்டு வந்துடறேன். கடைசி நடைக்கு உன்னைக் கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன்."

அக்கா கொடுத்துவிட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நீயும் ஒரு மனுஷியா என்று கேட்டேன். அவள் சாந்தமாக, கடைசி நடைதான் எல்லாவற்றையும்விட அழகு என்று தோட்டக்காரி சொன்னாள், அது ஒன்று ஒழுங்காகக் கிடைத்தால் போதும் என்றாள். தாழ்ந்த மணல்மேட்டின் மேலே, சவுக்குத் தோப்பின் நிழலில், ஒரு பக்கம் முழுக்கக் கடல் தெரிய வளைந்து வளைந்து போய், எங்கள் ரோஜாத் தோட்டத்தில் முடிகிற நடை அது. அதற்குப் பிறகு என்னைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது என்ன பூத்திருக்கிறது என்று கேட்பாள். மஞ்சள் முடிந்துவிட்டதா, வெள்ளை இன்னும் எத்தனை நாள் நிற்கும் என்றெல்லாம். கடைசி நடைக்கு அடுத்த மாதம் ஒரு வியாழக்கிழமை என்று நாள் குறித்தாயிற்று. அந்த நாளில் துணி எதுவும் பாக்கி இருக்கக் கூடாதென்று ஒரு மாதம் முன்பிருந்தே வேலையை இழுத்துப் போட்டுச் செய்தாள். ஷூ வாசலோரத்தில் வெள்ளை வெளேரென்று காத்துக் கிடந்தது.

அத்தான் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினார். வாரத்துக்கு இரண்டு, சில வாரம் மூன்று. போய்விட்டு வந்தால் நான் கேட்பேன்.

"மூணாவது நடை எப்படி இருந்துது அத்தான்?"

"முப்பத்தொரு நிமிஷம்."

"வழியெல்லாம் ஊதாப்பூப் புதர்னு சொன்னாங்களே?"

"பெட்டி இடது பக்கம். கொஞ்சம் உயரம். மை காஞ்சு போயிருக்கு."

இதுதான் அவர் பூங்காக்களைச் சுற்றிப் பார்த்த லட்சணம். கண்ணாடி வீட்டுக்குள் ஒரு வாசலில் நுழைந்து மறுவாசலில் வெளியே வந்து, உள்ளே ஒரே புழுக்கம் என்றார். மேட்டிலிருந்து கடலைப் பார்க்கக் கட்டிவைத்த மண்டபத்தில் ஷூவுக்குள் புகுந்த மணலைக் கொட்டினார். கற்றாழைத் தோட்டத்தில் முத்திரைப் பெட்டி ஒரு புதருக்குப் பின்னால் மறைந்திருக்கிறது, பொதுமக்களுக்கு இடைஞ்சல் என்று அலுவலகத்துக்கு மனு எழுதினார். ஓய்வு பெற்ற அரசு ஊழியர் எழுதிய மனு, அதுவும் மூன்று நகலோடு. புதரை வெட்டிவிட்டார்கள். அது வருடத்துக்கு ஒரு வாரம் மட்டும் பூக்கிற புதர். வெட்டிய தோட்டக்காரி அக்காவிடம் வந்து, எந்தக் கட்டையில் போகிறவன் இந்த மனுவை எழுதினானோ என்று திட்டித் தீர்த்துவிட்டுப் போனாள். அக்கா தலையைக் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள்.

துணி கொடுக்க வருகிறவர்களிடம் அத்தான் இரண்டு அட்டையையும் மேஜையில் பரப்பிக் காட்டுவார். நாங்க ரெண்டு பேரும் எட்டு முடிச்சுட்டோம், நாங்க ரெண்டு பேரும் ஒன்பது முடிச்சுட்டோம் என்பார். அந்த நேரம் பார்த்து அக்காவின் உதடுகளுக்கு நடுவே குண்டூசி இருக்கும். அவள் என்னத்தைச் சொல்ல.

குறித்த நாளுக்கு முந்தின புதன்கிழமை மாலை அத்தான் காதில் ஒரு செய்தி விழுந்தது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவரும் அவர் மனைவியும் பதினொன்றை முடித்துவிட்டார்களாம். அந்த அம்மாள் கைத்தடி ஊன்றி நடக்கிறவர். பருவம் முழுக்க மெதுவாக, எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்து உட்கார்ந்து பதினொன்றுக்கு வந்திருந்தார்கள். அவர்களும் மறுநாள் எங்கள் தோட்டத்துக்கு வருவதாக இருந்தார்கள்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு நான் வாசலைத் திறந்தேன். எட்டு பத்துக்கு அத்தான் மூச்சிரைக்க வந்து நின்றார். தனியாக. இரண்டு அட்டையையும் கூண்டுக்குள் நீட்டினார்.

"அக்கா எங்க?" என்று கேட்டேன்.

"பின்னாடி வர்றா. சவுக்குத் தோப்புல உக்காந்துட்டா. நீ குத்து, அவ மெதுவா வரட்டும்."

கூண்டிலிருந்து பார்த்தால் பாதை முதல் வளைவு வரைக்கும் நேராகத் தெரியும். வெறிச்சென்று கிடந்தது. ஆளை நேரில் பார்த்துக் குத்த வேண்டும் என்பது விதி. அந்த விதி எழுதிய தாளை என் தலைக்கு மேலேதான் ஒட்டியிருக்கிறார்கள். அவர் பொய் சொல்கிறார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. முப்பது வருடமாக அந்த முகத்தைப் பார்க்கிறவள் நான். ஆனாலும் அந்த நேரத்தில், பெஞ்சில் பெயர் வந்தால் அக்காவுக்கும் சந்தோஷம்தானே என்று எனக்கு நானே காதில் பூச்சுற்றிக்கொண்டேன். இந்த ஆளோடு வாசலில் நின்று தர்க்கம் பண்ண வேண்டுமே என்கிற அலுப்பும் இருந்தது. முத்திரையை எடுத்து அவர் அட்டையில் ஒன்று, அவள் அட்டையில் ஒன்று என்று குத்தினேன். மத்தியானம் வரைக்கும் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணிக்கு வாத்தியாரும் அவர் மனைவியும்தான் வந்தார்கள்.

நடந்தது என்ன என்பதை அன்று மாலை அத்தான் வாயாலேயே கேட்டேன். அவருக்கு அது வேடிக்கை. பேப்பர் வாங்கிவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்கிறார். அக்கா ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, தண்ணீர் பாட்டிலும் பையுமாக வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள். "பதினொரு மணிக்கு நான் திரும்பி வர்றேன், அப்பவும் ஷூவெல்லாம் மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கா!" என்று சொல்லிவிட்டுத் தொடையைத் தட்டிச் சிரித்தார். அக்கா மிஷினில் இருந்தாள். மிஷின் ஓடுகிற சத்தம் நிற்கவில்லை.

அவளைக் கூட்டிப்போவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன்.

"வீடு பூட்டியிருந்தா சராசரி போடறதில்லையா? அப்படித்தான். கணக்கு முடிஞ்சுதா இல்லையா?"

வீடு திறந்துதான் இருந்தது. ஆள் வாசலிலேயே உட்கார்ந்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை ஏது. சராசரி போட்ட நோட்டில் கையெழுத்துப் போட்டவள் நான்.

ஞாயிற்றுக்கிழமை பெஞ்சைத் திறந்துவைத்தார்கள். பூங்கா அலுவலக அதிகாரி, சங்கத்தார், வாத்தியார் தம்பதி, நான் எல்லோரும் இருந்தோம். அத்தானும் அக்காவும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். அத்தான் புதுச் சட்டை. துணியை விலக்கியதும் தகடு பளபளத்தது. அத்தான் பெயர் கொட்டை எழுத்தில், தகப்பனார் பெயரின் முதலெழுத்தோடு, வேலை பார்த்த பதவியோடு. அதற்குக் கீழே சின்னதாக 'மற்றும் துணைவியார்'. அக்காவுக்குப் பெயர் என்று ஒன்று இருப்பதை எழுதிக் கொடுக்க அவருக்குத் தோன்றவே இல்லை. அலுவலகத்தில் கேட்கவும் ஆளில்லை.

அதிகாரி நல்ல மாதிரி. அக்காவைப் பார்த்து, பன்னிரண்டில் உங்களுக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டார். பன்னெண்டாவதுதான் என்று அத்தான் முந்திக்கொண்டார். அம்மா சொல்லட்டும் என்றார் அதிகாரி.

"மொதல் நடை. வாத்துக் குளம். அது ஒண்ணுதான் நான் நடந்தது" என்றாள் அக்கா. "மத்ததெல்லாம் எனக்கும் சேர்த்து அவரே போயிட்டு வந்துட்டாரு."

கூட்டம் சிரித்தது. தமாஷ் என்று நினைத்துவிட்டார்கள்.

"சிரிக்காதீங்க. நெஜமாத்தான் சொல்றேன். இன்னிக்கும் பஸ்லதான் வந்தேன். இந்தப் பெஞ்சு அவங்களுக்குப் போக வேண்டியது" என்று கைத்தடி ஊன்றி நின்ற அம்மாளைக் காட்டினாள்.

அத்தான் முகத்தில் ஈயாடவில்லை. அதிகாரி அட்டையை வாங்கிப் புரட்டி, பன்னிரண்டாவது முத்திரையை யார் குத்தியது என்று கேட்டார். அவருக்கே தெரியும், ஊருக்கே தெரியும். நான் கையைத் தூக்கினேன். அக்கா அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். அவ்வளவு நேரமாக அவள் என்னைக் காப்பாற்றத்தான் முத்திரை குத்தியது யார் என்று சொல்லாமல் இருந்தாள் என்று அந்தப் பார்வையில் தெரிந்தது. எனக்கு அங்கேயே உயிர் போய்விட்டால் தேவலாம் போலிருந்தது.

எனக்கு ஒரு மெமோ வந்தது, பதில் எழுதிக் கொடுத்தேன். பெஞ்சு விஷயத்தில் ஒன்றும் நடக்கவில்லை. தகடு பொறித்தாயிற்று, பதிவேட்டில் ஏறிவிட்டது, இனி மாற்றுவதற்கு வழி இல்லையாம். வாத்தியார் பெருந்தன்மையாக, பெஞ்சு எல்லோரும் உட்காரத்தானே என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று நடந்தது குடும்ப விஷயம் என்று சங்கத்தார் பூசி மெழுகிவிட்டார்கள். மெழுகியதோடு நில்லாமல் வாழ்க்கைக் குறிப்பு கேட்டு என்னிடமே வந்து நிற்கிறார்கள். அத்தானுக்கு ஒரு வாரம் வெளியே தலை காட்டக் கூச்சம், எட்டாம் நாள் சரியாகிவிட்டது. இப்போது தினமும் சாயங்காலம் பஸ் பிடித்து வந்து அந்தப் பெஞ்சில் உட்காருகிறார். தகட்டை மறைக்காமல் ஓரமாக உட்கார்ந்து, கைக்குட்டையால் அதைத் துடைப்பார். கடல் எதிரிலேயே இருக்கிறது. அவர் வாசலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார், யாராவது வந்து படிக்கிறார்களா என்று.

அக்கா அடுத்த வியாழக்கிழமையிலிருந்து நடக்க ஆரம்பித்தாள். தனியாக, அட்டை இல்லாமல், வாரத்துக்கு ஒன்று. என்னிடம் சொல்லவில்லை. தோட்டக்காரி சொல்லித்தான் தெரியும். மறுபடியும் முதலிலிருந்து, வாத்துக் குளத்திலிருந்தே. கண்ணாடி வீட்டுக்குள் அரை நாள் இருந்தாளாம். கற்றாழைத் தோட்டத்தில் வெட்டிய புதரின் அடிக்கட்டை துளிர்த்திருக்கிறது என்று அக்காதான் முதலில் பார்த்தாளாம். நான் வாரங்களை விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் கெஞ்சி ஒரு புது அட்டை வாங்கி, மேஜை இழுப்பறைக்குள் முத்திரையோடு தயாராக வைத்தேன்.

பன்னிரண்டாவது வியாழக்கிழமை மாலை நாலரை மணிக்கு அந்த வளைவில் அவள் வந்தாள். நின்று நின்று, கடலைப் பார்த்துப் பார்த்து வந்தாள். ஷூ மண் நிறத்துக்கு மாறியிருந்தது. கூண்டுக்கு முன்னால் வந்து நின்று, "ஒரு டிக்கெட்" என்றாள்.

"உனக்கு எதுக்குக்கா டிக்கெட்? உள்ள போ."

"எல்லாரும் வாங்கறாங்கல்ல. குடு."

கிழித்துக் கொடுத்தேன். பிறகு இழுப்பறையைத் திறந்து புது அட்டையையும் முத்திரையையும் எடுத்து மேலே வைத்தேன். குத்தட்டுமா என்று கேட்டேன்.

அக்கா அட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தாள். அவள் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"உன் முத்திரைக்கு நான் வரணும்னு அவசியம் இல்லையேடி" என்று சொல்லி அட்டையைத் திரும்ப வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பெஞ்சு ஓரத்திலிருந்து அத்தான், எத்தனை நிமிஷம் ஆச்சு என்று கேட்டார். அவள் திரும்பாமல் படிகளில் இறங்கி, வெள்ளை ரோஜாப் பாத்திகளைத் தாண்டி, கடற்சுவரின் மேல் போய் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினாள். தோட்டத்தை ஆறு மணிக்கு மூட வேண்டும். அன்று மூடும் மணியை நான் ஆறரைக்குத்தான் அடித்தேன். அவள் அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.